பூட்டுப் போட ஒரு கதவு: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட், யூஜீன் நகரங்களில் வீடில்லாதவர்களுக்காக நடக்கும் ரெஸ்ட் ஸ்டாப்புகள், இடைக்காலக் குடில் குடியிருப்புகள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில.

ரெஸ்ட் ஸ்டாப்புக்கும் குடில் குடியிருப்புக்கும் என்ன வித்தியாசம்? இரண்டிலும் தற்காலிகமாகத்தானே தங்குகிறார்கள்?
(வாசகர், கோயம்புத்தூர்)

நோக்கமே வேறு. ரெஸ்ட் ஸ்டாப் முதலில் தூங்குவதற்கான இடம். 2011 அக்டோபர் 10 அன்று போர்ட்லண்டின் பழைய நகரப் பகுதியில் பர்ன்சைடு தெரு முனையில் தொடங்கிய ‘ரைட் டு ட்ரீம் டூ’ இதற்கு முன்னோடி. போலீஸ் எழுப்பிவிடுமோ, பையை யாராவது தூக்கிக்கொண்டு போவார்களோ என்ற பயமில்லாமல் சில மணி நேரம் கண்ணயர வேண்டும், அதுதான் அங்கே வந்தவர்கள் கேட்டது. பழைய வீட்டுக் கதவுகளை வரிசையாக நிறுத்தி, வண்ணம் பூசி, அவற்றையே வேலியாக்கியிருந்தார்கள். உள்ளே வருபவருக்குப் போர்வை தருவார்கள். 2017-ல் அது ரோஸ் குவார்ட்டர் பக்கம் இடம் மாறியது.

யூஜீன் நகர மன்றம் 2013-ல் அனுமதித்த ரெஸ்ட் ஸ்டாப்புகள் இன்னும் கொஞ்சம் நிலையானவை. வேலி போட்ட ஒரு மனை, அதில் 20 பேர் வரை, ஆளுக்கொரு கூடாரமோ சிறு குடிலோ, கழிப்பறை, குப்பைத் தொட்டி, வருவோர் போவோரைக் கவனிக்க வாசலில் ஒரு மேஜை. அங்கே தங்குபவர் தன் படுக்கையை மறுநாளும் அதே இடத்தில் எதிர்பார்க்கலாம்.

குடில் குடியிருப்பு அடுத்த படி. போர்ட்லண்டில் 2000 டிசம்பரில் கூடாரங்களாகத் தொடங்கி, 2001-ல் விமான நிலையம் அருகே சண்டர்லேண்டு யார்டுக்குப் போன ‘டிக்னிட்டி வில்லேஜ்’ இந்த வகையில் மூத்தது. சுமார் 60 பேர் வசிக்கும் இடம். யூஜீனில் 2013-ல் திறந்த ‘ஆப்பர்ச்சுனிட்டி வில்லேஜ்’ சுமார் 30 குடில்கள் கொண்டது. குடிலில் படுக்கை மட்டும்தான். சமையல், குளியல், துணி துவைப்பு எல்லாம் பொதுக் கட்டடங்களில். இது சிக்கனத்துக்காக மட்டும் செய்த ஏற்பாடில்லை. ஆரிகன் சட்டத்தின் 446.265-ஆம் பிரிவே, இடைக்காலக் குடியிருப்புகளில் தண்ணீர், கழிப்பறை, சமையல் வசதிகளைப் பொதுவில் வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஒவ்வொரு குடிலுக்கும் குழாய் இழுக்க வேண்டியிருந்தால் இவற்றில் பல தொடங்கியே இருக்காது.

இரவுக் காப்பகங்களில் கட்டில் காலியாக இருக்கும் நாட்களிலும் சிலர் நடைபாதையில்தான் படுக்கிறார்கள். பிடிவாதமா?
(வாசகி, சான் ஹோசே)

அவர்கள் நிலையில் நாம் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். பல இரவுக் காப்பகங்களில் ஆண், பெண் தனித்தனி. கணவனும் மனைவியும் சேர்ந்து தங்க முடியாது. நாய்க்கு அனுமதி இருக்காது. ஒரு பை, இரண்டு பைக்கு மேல் கொண்டுபோக முடியாது. மிச்சத்தை வெளியே விட்டால் காலையில் இருக்காது. இரவு வேலை பார்ப்பவருக்கு மாலையில் வரிசையில் நிற்பது நடக்காத காரியம். காலையில் எல்லோரும் வெளியேற வேண்டும் என்றால், காய்ச்சலோடு இருப்பவர் பகல் முழுக்க மழையில் எங்கே போவார்?

பூட்டுப் போடக்கூடிய ஒரு கதவு இவ்வளவுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறது. அதனால்தான், ஒரு குடிலில் எதை விட்டுக்கொடுத்தாலும் பூட்டை விட்டுக்கொடுக்கக் கூடாது என்கிறோம்.

பொறியாளர்களாகிய நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வார இறுதிகளில் சில குடில்கள் கட்டித் தர நினைக்கிறோம். எதில் கவனம் வேண்டும்?
(வாசகர், ஹில்ஸ்பரோ)

முதலில், எந்த அமைப்புக்குக் கட்டுகிறீர்களோ அவர்களின் வரைபடத்தை வாங்கி அப்படியே கட்டுங்கள். நகர நிர்வாகமும் தீயணைப்புத் துறையும் பார்த்துப் பழகிய வடிவத்தை நீங்கள் மேம்படுத்தினால், அனுமதி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

யூஜீனில் ‘கம்யூனிட்டி சப்போர்ட்டட் ஷெல்டர்ஸ்’ அமைப்பு கட்டும் கோனஸ்டோகா குடிலை எடுத்துக்கொள்வோம். தரை 6 அடிக்கு 10 அடி, அதாவது 60 சதுர அடி. தட்டையான சுவர்கள் முன்னும் பின்னும். நடுவில் கம்பிவலைத் தகட்டைக் கூண்டு வண்டிபோல் வளைத்து, அதன் மேல் வெப்பக் காப்புப் படலம், அதற்கும் மேல் கனமான வினைல் விரிப்பு. பயிற்சியுள்ள ஒருவர் நின்று வழிகாட்டினால், தச்சு தெரியாதவர்களும் சேர்ந்து கட்டிவிடலாம் என்பதுதான் அதன் பலம்.

இனி எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

தரை. சுவருக்கும் கூரைக்கும் காப்பு போடுபவர்கள் தரையைச் சும்மா விட்டுவிடுவார்கள். குளிர் கீழிருந்துதான் ஏறும். தரைச் சட்டங்களுக்கு நடுவே நுரைப்பலகையை இடைவெளியில்லாமல் அடையுங்கள். குடிலைக் கான்கிரீட் கட்டைகள் மேல் தூக்கி வைத்து, அடியில் காற்று ஓட விடுங்கள். போர்ட்லண்டும் யூஜீனும் இருக்கும் வில்லாமெட் பள்ளத்தாக்கில் அக்டோபரிலிருந்து மே வரை மழைதான். மண்ணைத் தொடும் மரம் சீக்கிரமே ஊறிவிடும்.

மட்டம். ஈர மண்ணில் ஒரு மூலைக் கட்டை அரை அங்குலம் இறங்கினால் போதும், கதவுச் சட்டம் கோணிக்கொண்டு தாழ்ப்பாள் விழாது. தங்குபவர் முதலில் கதவை ஓங்கி அடிப்பார், பிறகு கயிறு கட்டுவார், பிறகு பூட்டாமலே விடுவார். கட்டி ஒப்படைத்த பிறகு முதல் மழைக்காலம் முடிவதற்குள் ஒருமுறை ரசமட்டத்தோடு போய்ப் பாருங்கள். இதைச் செய்யும் தன்னார்வக் குழுக்கள் குறைவு. கட்டும் நாளில் கூட்டம் இருக்கும். பழுது பார்க்க வரும் நாளில் இருக்காது.

ஈரம். தூங்கும் ஒருவரின் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் வெளியேறும் தண்ணீர் கால் லிட்டர் அளவுக்கு இருக்கும். 60 சதுர அடிக் குடிலில் அது குளிர்ந்த சுவரில் போய்ப் படியும். மெத்தையைப் பிளைவுட் மேல் நேரடியாகப் போட்டால் சில வாரங்களில் அடிப்பக்கம் கறுப்பாகப் பூசணம் பிடித்திருக்கும். இரண்டு காற்றுத் துளைகள் வேண்டும்: ஒன்று தரைக்கு அருகில், ஒன்று எதிர்ச்சுவரின் உச்சியில். கட்டிலுக்குப் பலகைக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டங்கள் போடுங்கள். குளிருக்குப் பயந்து துளையைத் துணியால் அடைப்பார்கள். மேல் துளையைக் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், ஏன் அடைக்கக்கூடாது என்று முதல் நாளே உட்கார்ந்து விளக்குவதும்தான் வழி.

கதவும் ஜன்னலும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கிடந்தாலும் திறக்க முடிய வேண்டும். ஆனால் வெளியே திறக்கும் கதவின் கீல் ஆணியும் வெளியே இருக்கும், சுத்தியல் இருந்தால் தட்டி எடுத்துவிடலாம். கழற்ற முடியாத ஆணியுள்ள கீலாகக் கேட்டு வாங்குங்கள். கதவருகே தீப்பிடித்தால் தப்ப, வேறொரு சுவரில் ஜன்னல் இருப்பது அவசியம். அமெரிக்க வீட்டுக் கட்டட விதியில் தரைத்தளப் படுக்கையறை ஜன்னலுக்குச் சொல்லும் அளவு நல்ல வழிகாட்டி: திறந்தால் குறைந்தது 5 சதுர அடி வழி, அடிவிளிம்பு தரையிலிருந்து 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

சூடு. இதில்தான் உயிர் போகும். புரொப்பேன் அடுப்பும் மெழுகுவத்தியும் மூடிய குடிலுக்குள் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மின்சாரம் கொடுப்பதானால் கணக்குப் போட்டுக் கொடுங்கள். 120 வோல்ட், 15 ஆம்பியர் சுற்றில் தொடர்ந்து எடுக்கக்கூடியது அதில் 80 சதவீதம், அதாவது 1,440 வாட். கடையில் கிடைக்கும் சாதாரண 1,500 வாட் ஹீட்டர் ஒன்றே அதைத் தாண்டிவிடும். நன்றாகக் காப்பிட்ட 60 சதுர அடிக்கு 400 வாட் சுவர் ஹீட்டர் போதும். ஒரு சுற்றில் மூன்று குடில்கள் தாங்கும். ஹீட்டரைச் சுவரோடு நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். நீட்டிப்பு வயரில் யாரோ நன்கொடையாகத் தந்த பெரிய ஹீட்டரை மாட்டுவதால்தான் வயர் சூடாகிக் கருகுகிறது. புகை, கார்பன் மோனாக்சைடு இரண்டுக்குமான அலாரம், ஆளுக்கொரு தீயணைப்பான், குடில்களுக்கு நடுவே 10 அடி இடைவெளி ஆகியவற்றைக் கேட்கும் முன்பே செய்துவிடுங்கள்.

கழிப்பறை எத்தனை வேண்டும்? எங்கள் தேவாலயக் குழு ஒன்று போதும் என்கிறது.
(வாசகி, சேலம், ஆரிகன்)

20 பேர் என்றால் ஒன்று போதாது. வாடகைக்கு விடும் போர்ட்டபிள் கழிப்பறைகளுக்குக் கட்டுமானத் தளங்களில் சொல்லும் கணக்கு, ஒரு கழிப்பறைக்கு 10 பேர், வாரம் 40 மணி நேர வேலை, ஒரு முறை சுத்தம். அதாவது ஒரு சுத்தத்துக்கு ஏறத்தாழ 200 பயன்பாடு. அங்கேயே வசிக்கும் 20 பேர் ஆளுக்கு நாளைக்கு ஐந்து முறை போனால் வாரத்துக்கு 700. ஆகவே இரண்டு கழிப்பறைகள், வாரம் இருமுறை சுத்தம். இரண்டில் ஒன்று சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கட்டும். கை கழுவும் தொட்டியைத் தனியாகக் கேளுங்கள். சானிடைசர் புட்டி அதற்கு மாற்றாகாது. லாரி வந்து உறிஞ்சக் குழாய் எட்டும் தூரத்தில் வையுங்கள். சாலையிலிருந்து மறைவாக இருக்கட்டும் என்று மனையின் கோடிக்குத் தள்ளிவிட்டு, மழையில் லாரி சேற்றில் சிக்கி, ஒரு வாரம் சுத்தமில்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது.

அக்கம்பக்கத்தார் புகாரில் பெரும்பகுதி குப்பை பற்றியதுதான். குப்பை வண்டிக்கான மாதக் கட்டணத்தை வரவுசெலவில் முதல் வரியாகவே எழுதிவிடுங்கள்.

கோயில் கார் நிறுத்துமிடத்தில் இரவு வண்டியிலேயே தூங்குபவர்களை அனுமதிக்கலாமா? நிர்வாகக் குழுவில் பயப்படுகிறார்கள்.
(வாசகி, பீவர்ட்டன்)

அனுமதிக்க ஆரிகன் சட்டத்தில் வழி இருக்கிறது. வழிபாட்டுத் தலங்கள் வண்டிகள் தங்க இடம் தர நகரங்கள் அனுமதிக்கலாம்; ஒரே நேரத்தில் எத்தனை வண்டிகள் என்பதையும் நகரமே வரையறுக்கலாம். கழிப்பறை, கை கழுவுமிடம், குப்பைக்கு ஏற்பாடு இருக்க வேண்டும். யூஜீனில் இந்த எண்ணிக்கை 6 வரை போகும். ஆகவே உங்கள் நகர அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

பயத்தைத் தீர்க்க எழுத்தில் ஓர் ஒப்பந்தம் உதவும். எந்த வண்டி, யார் யார், எத்தனை மாதம், என்ஜினை ஓடவிடும் நேரம், விருந்தினர் வரலாமா, பிரச்சினை என்றால் இரவில் யாரைக் கூப்பிடுவது. கோயிலின் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, பதிலைக் கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். திருவிழா நாட்களில் இடம் நெருக்கும் அல்லவா? அந்தத் தேதிகளை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கும்பாபிஷேகத்துக்கு முந்தின இரவு வண்டியை எடுக்கச் சொன்னால், பெட்ரோல் இல்லாத ஒருவருக்கு அது வெளியேற்றம்தான்.

ஒரே ஒரு வண்டியோடு, ஒரே ஒரு குடும்பத்தோடு தொடங்கினாலும் போதும்.

சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஆசை. என்ன செய்யலாம்?
(வாசகி, பீவர்ட்டன்)

வெண்பொங்கல் செய்யுங்கள். தெருவில் பல ஆண்டுகள் இருந்தவர்களுக்குப் பல் போயிருக்கும். ஆறிய சப்பாத்தியும் வறுத்த முறுக்கும் மெல்ல முடியாது. காரத்தைக் குறைத்து, மிளகைப் பொடித்துப் போடுங்கள். முந்திரி சேர்த்தால் பாத்திரத்தின் மேல் எழுதி ஒட்டுங்கள்; சேர்க்காமல் விடுவது இன்னும் நல்லது. சூடான உணவு பரிமாறி முடியும்வரை 57 டிகிரி செல்சியஸுக்குக் குறையக்கூடாது, தயிர்ச்சாதம் 5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சூட்டைத் தாங்கும் பெட்டியும் ஒரு வெப்பமானியும் வாங்கிவிடுங்கள். வருமுன் அழைத்துக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலு குழு உணவோடு வந்து நிற்கும், செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டார்கள். செவ்வாயை எடுத்துக்கொள்ளுங்கள்.

துணி மூட்டை கொடுப்பதற்குப் பதிலாகப் புதுக் காலுறை, நல்ல பூட்டு, தலையில் மாட்டும் விளக்கு, தார்ப்பாய் கொடுங்கள்.

யார் நிர்வகிக்கிறார்கள்? குடிப்பவர்கள், சண்டை போடுபவர்கள் வந்தால்?
(வாசகர், மதுரை)

டிக்னிட்டி வில்லேஜில் வசிப்பவர்களே நிர்வகிக்கிறார்கள். ஆளுக்கு வாரம் 10 மணி நேரம் குடியிருப்பு வேலை. விதிகள் ஐந்தே: வன்முறை கூடாது, திருட்டு கூடாது, வளாகத்தில் மதுவும் போதையும் கூடாது, தொடர்ந்து தொல்லை தரக்கூடாது, எல்லோரும் வேலையில் பங்கெடுக்க வேண்டும். பின்னால் வந்த பல இடங்கள் இதையே சற்று மாற்றி எடுத்துக்கொண்டன. ஆப்பர்ச்சுனிட்டி வில்லேஜில் பொதுச் செலவுக்கென்று மாதம் 30 டாலர் அளவில் வாங்கினார்கள்.

சீர்குலைவது பெரும்பாலும் வாசல் மேஜையில் தொடங்கும். இரவு இரண்டிலிருந்து ஆறு மணி வரைக்கான காவல் முறைக்கு ஆள் வராது, வந்தவர் தூங்கிவிடுவார், தெரியாதவர்கள் உள்ளே வருவார்கள், பொருள் காணாமல் போகும், ஒருவரையொருவர் சந்தேகிப்பார்கள். இரவு முறைக்கு இரண்டு பேராகப் போடுவதும், அந்த நேரத்தை இரட்டிப்பாகக் கணக்கில் எடுப்பதும் பலன் தரும்.

அடுத்தது வெளியேற்றும் அதிகாரம். மூன்று நான்கு பேர் கொண்ட குழுவே குற்றமும் சாட்டி, தீர்ப்பும் சொன்னால் அது பழிவாங்கலாகிவிடும். எழுத்து எச்சரிக்கை, இரண்டாம் எச்சரிக்கை, சில நாள் வெளியே இருத்தல், கடைசியாக வெளியேற்றம் என்று படிகள் இருக்க வேண்டும். யாரையாவது அடித்தால் மட்டும் உடனே வெளியேற்றம். மேல்முறையீட்டை, குடியிருப்பில் இல்லாத ஒருவர் கேட்க வேண்டும். வாழ்பவர்களின் சுயாட்சியை நாங்கள் முழு மனதோடு ஆதரிக்கிறோம்; ஆனால் அவர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அமைப்பு விலகிக்கொண்டால் அதைச் சுயாட்சி என்று சொல்ல மாட்டோம்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குடிலுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆனதாமே?
(வாசகர், இர்வைன்)

ஆமாம். 2021 பிப்ரவரியில் வடக்கு ஹாலிவுட்டின் சாண்ட்லர் பூல்வார்டில் திறந்த குடியிருப்பில், தயாராக வந்த குடில் ஒன்றின் விலை சுமார் 8,600 டாலர்தான். சாக்கடை இணைப்பு, நிலத்தடி மின்சாரம், கான்கிரீட் தளம், வேலி, மேற்பார்வை எல்லாம் சேர்ந்து குடிலுக்குச் சுமார் 1,30,000 டாலராக்கின. மனையைத் தேர்ந்தெடுக்கும்போதே சாக்கடையும் மின்கம்பமும் எத்தனை அடி தூரத்தில் என்று அளந்துவிடுங்கள். பேருந்து நிறுத்தத்தையும். விலை குறைவான மனை ஊருக்கு வெளியே இருந்து, வேலைக்கும் மருத்துவமனைக்கும் போக வழியில்லாமல் மக்கள் தவிக்கும் இடங்கள் உண்டு.

தெருவில் தூங்குவதே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதா?
(வாசகர், திருச்சி)

ஆரிகனின் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் 2024 ஜூன் 28-ல், பொது இடத்தில் கூடாரமடிப்பதற்குத் தண்டனை விதிப்பது, கொடூரமான தண்டனைகளைத் தடுக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் எட்டாம் திருத்தத்துக்கு முரணில்லை என்று 6–3 எனத் தீர்ப்பானது. நகரங்கள் தண்டிக்கலாம் என்றதே தவிர, தண்டித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆரிகனில் 2021-ல் இயற்றிய மாநிலச் சட்டம், இடம், நேரம், முறை பற்றிய நகர விதிகள் நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. ஆனாலும் தீர்ப்புக்குப் பிறகு ரெஸ்ட் ஸ்டாப்புகளின் தேவை கூடியிருக்கிறது; எழுப்பிவிடப்பட்டவர் வேறெங்கே போவார்?

நம் ஊரில் இப்படி ஏதும் உண்டா?
(வாசகி, சென்னை)

குடில் வகை இல்லை, காப்பகங்கள் உண்டு. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-ல், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுக்க, 24 மணி நேரமும் என்று உத்தரவிட்டது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல் ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி என்றது. கோனஸ்டோகா குடிலைவிட 10 சதுர அடிதான் குறைவு; நடுவில் சுவர் இல்லை என்பதுதான் பெரிய வேறுபாடு. அரசு மருத்துவமனைகளில் நோயாளியோடு வந்து நடைபாதையில் படுப்பவர்களுக்கும் சென்னையில் காப்பகங்கள் இருக்கின்றன. தெருவில் ஒருவர் தவிப்பதைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். முதலில் அவரிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள்.

இடைக்காலம் என்கிறார்கள். எப்போது முடியும்? அதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது?
(வாசகர், ஹில்ஸ்பரோ)

போக வீடு இருந்தால்தான் முடியும். மாதக் கெடு வைத்து வெளியே அனுப்பும் இடங்களில், கெடு முடிந்ததும் பலர் திரும்பவும் கூடாரத்துக்கே போகிறார்கள். ஆப்பர்ச்சுனிட்டி வில்லேஜை நடத்திய ‘ஸ்கொயர்ஒன் வில்லேஜஸ்’ இதை உணர்ந்துதான் அதே ஊரில் 22 சிறு வீடுகள் கொண்ட ‘எமரால்டு வில்லேஜ்’ கட்டியது. அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தச் சமையலறை, குளியலறை. குறைந்த வாடகையில் நிரந்தரமாக இருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது காகித வேலை. வாடகை உதவிச் சீட்டு கிடைத்தால் பொதுவாக வருமானத்தில் 30 சதவீதம் தங்குபவர் தருவார், மீதியை அரசு தரும். ஆனால் அதற்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருந்தும், வீட்டு வசதி அலுவலகம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராததால் பெயர் நீக்கப்படுவது சாதாரணம். முகவரி இல்லாதவருக்குக் கடிதம் எப்படிப் போகும்? அமெரிக்கத் தபால் நிலையங்களில் ‘ஜெனரல் டெலிவரி’ என்று ஓர் ஏற்பாடு உண்டு: பெயர், ஜெனரல் டெலிவரி, ஊர், அஞ்சல் குறியீடு என்று எழுதினால் 30 நாள் வரை வைத்திருந்து, அடையாள அட்டை காட்டினால் தருவார்கள். அடையாள அட்டையே இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்க வேண்டும். அவர் வேறு மாநிலத்தில் பிறந்திருந்தால் அங்கே விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு.

உங்களில் ஒருவர் மடிக்கணினியோடு வாரம் ஒருமுறை வாசல் மேஜையில் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். சீட்டு கையில் வந்த பிறகு வீடு தேடக் கிடைப்பது குறைந்தது 60 நாள். அவகாசம் நீட்டிக்கக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. கெடு முடியும் முன்பே அந்த விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள்.